கூவம் சாக்கடை இல்லை, ஆறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை நம் பேட்டையில் சிலருக்குக் கோபத்தை வரவழைக்கும். வரட்டும். எழுபதைத் தாண்டியவனுக்கு எல்லோரிடமும் நல்ல பேர் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

நாம் குடியிருப்பது ஓர் ஆற்றங்கரை ஊர். நூம்பல், பெருமாளகரம், அயனம்பாக்கம், கோலடி, திருவேற்காடு என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் இன்று எல்லாம் ஒரே நகராட்சி. அதன் நடுவே ஓடுவது கூவம். ஆனால் வெளியூர்க்காரர் யாராவது "உங்க ஊர் எங்கே இருக்கு?" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "பூந்தமல்லி ஹைரோட்டுல வேலப்பன்சாவடி கிட்ட", "பைபாஸ் பக்கம்", "கருமாரியம்மன் கோயிலுக்கு முன்னாடி". இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட "கூவம் ஆற்றங்கரையில்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வெட்கம். ஏதோ சிறையிலிருக்கும் உறவுக்காரனைப் பற்றிப் பேசத் தயங்குவது போல.

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு குடியிருப்போர் கூட்டத்தில் கூவத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கொசு, நாற்றம், குப்பை என்று வழக்கமான புகார்கள்தான். நன்றாகப் படித்த, நல்ல வேலையில் இருக்கிற ஒரு தம்பி எழுந்து சொன்னார்: "அங்கிள், அது ஆறே இல்லை. டிச்சு. ரெண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் எழுப்பி மேலே சிலாப் போட்டு மூடிட்டா ஒரு ரோடாவது கிடைக்கும். நமக்கும் டிராபிக் குறையும்." பலர் தலையாட்டினார்கள். கைதட்டலும் விழுந்தது.

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை அது. என் கோபம் தலையாட்டிய என் வயதுக்காரர்கள் மேல்தான். அவர்களுக்குத் தெரியும், அது ஆறு என்று. தெரிந்தும் தலையாட்டினார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பூகோளப் பாடத்தில் முதலில் வந்தது காவிரி இல்லை, சேன் நதி. அப்புறம் லுவார், கரோன், ரோன், ரைன். வாசலில் அரிசிலாறு ஓடும். புத்தகத்தில் பாரிஸ் ஓடும். அந்தக் கூத்தைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுதவேண்டும். ஆனால் அந்த வகுப்பில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. பிரெஞ்சு மொழியில் நதிக்கு இரண்டு வார்த்தைகள் உண்டு. கடலில் போய்ச் சேரும் நதி 'ஃபிளவ்'. இன்னொரு நதியில் போய்க் கலக்கும் நதி 'ரிவியேர்'. பெரிதா சிறிதா, அழகா அசிங்கமா என்பது கணக்கே இல்லை. கடலைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. மோசெல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பெரிய நதி. ஆனாலும் கடைசியில் ரைனில் விழுவதால் அது ரிவியேர்தான். தப்பாக எழுதினால் எங்கள் வாத்தியார் மதிப்பெண் தரமாட்டார்.

அந்தக் கணக்குப்படி நம் கூவம் எது? திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற கிராமத்தின் பக்கம் தொடங்கி, சுமார் 72 கிலோமீட்டர் ஓடி, நேப்பியர் பாலத்தடியில் நேராக வங்காள விரிகுடாவில் இறங்குகிறது. ஃபிளவ். ரைனுக்கு என்ன வார்த்தையோ அதே வார்த்தை. அந்தக் கண்டிப்பான வாத்தியார் இன்று இருந்தால் கூவத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பார். நம் கூட்டத்தில் அதற்குக் கிடைத்த பெயர் டிச்சு.

"பெயரில் என்ன சார் இருக்கு?" என்று கேட்பீர்கள். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. எழுத்தராக முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு கட்டியவன் சொல்கிறேன். ஒரு காகிதத்தில் ஒரு பொருளுக்கு என்ன வார்த்தை எழுதப்படுகிறதோ, அதன் தலையெழுத்து அதுதான். 'புறம்போக்கு' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். வரி விதிக்கப்படாமல், ஊரின் பொது உபயோகத்துக்காக ஒதுக்கி வைத்த நிலம் என்பதுதான் அதன் அர்த்தம். ஆறு, ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, சுடுகாடு எல்லாம் அதற்குள் அடங்கும். யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அதனாலேயே எல்லோருடைய சொத்து. இன்றைக்கு அந்த வார்த்தை தெருச்சண்டையில் வசவாகிவிட்டது. வார்த்தை வசவான பிறகு அந்த நிலத்துக்கு என்ன மரியாதை மிஞ்சும்? கேட்பாரற்ற நிலம் என்று நினைத்து அவனவன் வேலி போட்டான்.

கூவத்துக்கும் அதேதான் நடந்தது. தமிழில் கூவல், கூவம் என்றால் கிணறு என்று பொருள். இன்றைக்குச் சென்னையில் ஒருவன் கெட்ட வார்த்தை பேசினால் "வாயா, கூவமா?" என்று கேட்கிறோம். ஆற்றின் பெயரையே வசவாக்கிய ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஆக்கிரமிப்பு என்றால் கல்லும் மண்ணும் கொட்டுவதுதான் என்று நினைக்கிறோம். கூவத்தில் முதல் ஆக்கிரமிப்பைச் செய்தது நம் நாக்கு. சாக்கடை என்று சொல்லிவிட்டால் பிறகு அதில் எதையும் கொட்டலாம். சாக்கடையில் கழிவுநீர் லாரியைக் காலி செய்தால் யாருக்குக் குற்ற உணர்ச்சி வரும்? ஆற்றில் காலி செய்கிறோம் என்று நினைத்தால் கொஞ்சமாவது கை நடுங்கும்.

சரி, இது எப்படிப்பட்ட ஆறு என்று பார்ப்போம். சிலாப் போடச் சொன்ன தம்பிக்காகவே எழுதுகிறேன்.

ஆற்றின் பெயருக்கு உரிய கூவம் கிராமத்தில் திருவிற்கோலம் என்னும் பாடல் பெற்ற தலம் இருக்கிறது. சம்பந்தர் பாடியது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவன் வில்லோடு நின்ற கோலம் என்பது தலபுராணம். அங்குள்ள மூலவரைப் பற்றி ஓர் ஐதீகம் உண்டு. மழை மிகுந்து வரப்போகிறது என்றால் லிங்கத்தின் மேனி வெளுக்குமாம். போர் வரப்போகிறது என்றால் சிவக்குமாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு அதில் தெரிவது வேறொன்று. மழை வருமா, ஆறு பெருகுமா என்று ஒரு ஊரே கவலையோடு கவனித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கவனிப்பைத் தெய்வத்தின் மேனியிலேயே ஏற்றி வைத்திருக்கிறார்கள். நாம் செல்போனில் மழை அறிவிப்பு பார்க்கிறோம், ஆற்றைப் பார்ப்பதில்லை.

அங்கிருந்து கிழக்கே வந்தால் திருமழிசை, ஆழ்வாரின் ஊர். அப்புறம் நம் திருவேற்காடு. வேதபுரீஸ்வரர் கோயில், இதுவும் சம்பந்தர் பாடிய தலம். வேதங்கள் வேல மரங்களாக நின்ற காடு என்பதால் வேற்காடு. அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த ஊர். அடியாருக்குச் சோறு போடப் பணம் இல்லாமல் போனபோது சூதாடிச் சம்பாதித்துச் சோறு போட்ட மனுஷன்! இன்னும் கிழக்கே கோயம்பேட்டில் குறுங்காலீஸ்வரர் கோயில். நகரத்துக்குள் கோமளீஸ்வரன்பேட்டை. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று சென்னை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பச்சையப்பன் கல்லூரி யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான். 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நெசவாளர்களுக்கென்று சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கியபோது, கூவம் வளைந்து திரும்பும் இடமாகப் பார்த்துத்தான் உண்டாக்கினான். நூற்பவர்கள், நெய்பவர்கள், துணி வெளுப்பவர்கள் அங்கே குடியேறினார்கள். சீமைக்குக் கப்பலேற்றும் துணி நெய்கிற பேட்டையை எவனாவது சாக்கடைக் கரையில் வைப்பானா?

கோயில் கட்டினவனும் பேட்டை உண்டாக்கினவனும் ஆற்றைப் பார்த்துத்தான் இடம் தேர்ந்தெடுத்தார்கள். நாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டி வீடு கட்டினோம். கரையோரமாக நடந்து பாருங்கள். ஆற்றுப் பக்கம் தெரிவது பாத்ரூம் ஜன்னலும் கழிவுக் குழாயும்தான்.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்போது அதில் தண்ணீர் எங்கே இருக்கிறது?" இதுதான் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. தண்ணீரைக் குடித்துவிட்டோம்.

கூவத்துக்கு வரவேண்டிய நீரில் ஒரு பங்கு கேசவரம் அணைக்கட்டிலிருந்து வரவேண்டும். கொசஸ்தலையாறும் கூவமும் பிரிகிற இடம் அது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. கொசஸ்தலை நீர் அங்கே போய்ச் சேர்ந்து சென்னைக்குக் குடிநீர் ஆகிறது. கூவத்தில் வருகிற கொஞ்ச நீரையும் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் மடக்கிக் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கொண்டுபோக வழி செய்திருக்கிறார்கள். அதுவும் சென்னையின் குடிநீர்தான். தப்பு என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டாமா? ஆனால் கணக்கு கணக்குதான். நல்ல தண்ணீரை மேலே எடுத்துக் குடித்துவிட்டு, கழிவைக் கீழே அதே ஆற்றில் விடுகிறோம். விட்ட பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு "சே, என்ன ஆறு இது!" என்கிறோம். ஒருவன் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றுவிட்டு, அவன் இலையில் எச்சிலை வைத்து, "பார், எச்சில் தின்கிறான்" என்று சொன்னால் அவனை என்னவென்று சொல்வீர்கள்?

கடல் முனையிலும் இதே கதைதான். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். நம் கடற்கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் அதன் தெற்கே சேர்ந்தது. அப்படிச் சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. நாம் சுண்டல் தின்று காற்று வாங்கும் மணல் அது. கூவத்தின் வாயும் துறைமுகத்துக்குத் தெற்கேதான் இருக்கிறது. ஆகவே அதே மணல் ஆற்றின் வாயையும் அடைத்தது. வாயை அடைத்த பிறகு தண்ணீர் தேங்கும், தேங்கினால் நாறும். இதில் ஆற்றின் குற்றம் என்ன?

இன்னொரு விஷயம். நாறுகிற கூவம் முழுக் கூவம் இல்லை. பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அது ஓடுவது சுமார் 18 கிலோமீட்டர். மொத்த நீளத்தில் கால்வாசி. மேலே, வயலும் கிணறுமாக இருக்கிற கிராமங்களில், மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். மணலும் தண்ணீருமாக, எந்த ஆற்றையும் போல இருக்கும். அந்தக் கிராமத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவில் இருக்கிறோம் நாம். அதாவது கூவம் ஆறாக இருப்பதிலிருந்து வேறொன்றாக மாறுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். "சிட்டிக்காரன் கெடுத்துட்டான் சார்" என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். சிட்டி நமக்குக் கீழே இருக்கிறது ஐயா! தண்ணீர் கீழிருந்து மேலே ஓடாது. நம் ஊரில் ஓடும் கூவத்தைக் கெடுத்ததில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லையா என்றால், செய்தது. 1960களின் கடைசியில் கூவத்தைச் சீர்படுத்தி, படகு விடலாம் என்று துறைகளெல்லாம் கட்டினார்கள். என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2015இல் சுமார் 604 கோடி ரூபாயில் இன்னொரு திட்டம். வேலி போட்டார்கள், செடி நட்டார்கள், கரையோரக் குடிசைகளிலிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற தூரத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். குடிசைக்காரன் போய்விட்டான், மதில் வைத்துக் கட்டினவன் எத்தனை பேர் போனார்கள் என்று நீங்களே கரையோரம் நடந்து எண்ணிப் பாருங்கள்.

மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலத்தின் கதை இதைவிட விசேஷம். சுமார் 19 கிலோமீட்டர் பாலம். பெரும்பகுதி கூவத்தை ஒட்டியும் கூவத்துக்குள்ளும் தூண் இறக்கி வருவது. 2009இல் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 2012இல் தூண்கள் ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லி மாநில அரசு வேலையை நிறுத்தியது. பாதியில் நின்ற தூண்கள் வருஷக்கணக்கில் ஆற்றுக்குள்ளேயே நின்றன. 2022இல் இன்னொரு பிரதமர் வந்து, இப்போது இரண்டு அடுக்குப் பாலம் என்று மறுபடி அடிக்கல் நாட்டினார். எந்தக் கட்சியை வேண்டுமானாலும் திட்டுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ரோடு போட நிலம் கையகப்படுத்தினால் கோர்ட், நஷ்ட ஈடு, மறியல் எல்லாம் உண்டு. ஆற்றுக்குள் தூண் இறக்கினால் கேட்க யார் இருக்கிறார்கள்? 'அது சாக்கடைதானே' என்ற ஒரே வார்த்தையில் கேள்வி அடங்கிவிடுகிறது. அதனால்தான் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறேன்.

இனி சிலாப் விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றை மூடி ரோடு போட்டால் என்ன ஆகும்? இந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் கடைசியில் போய்ச் சேரவேண்டிய இடம் கூவம். நம் மழை ஐரோப்பிய மழை மாதிரி வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டிருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வந்து சில நாளில் கொட்டித் தீர்த்துவிடும். பத்து மாதம் ஒல்லியாக ஓடுகிற ஆறு அந்தச் சில நாளில் கரை முட்டி வரும். அந்தச் சில நாளுக்காகத்தான் ஆறு அவ்வளவு அகலமாக இருக்கிறது. பத்து மாதத்து ஒல்லியைப் பார்த்து "இதுக்கு எதுக்குப்பா இவ்வளவு இடம்?" என்று கேட்டவர்கள்தான் உள்ளே வந்து கட்டினார்கள். 2015 டிசம்பரில் அதற்குப் பதில் வந்தது. 2021லும் 2023லும் மறுபடி வந்தது. மதுரவாயல்–நொளம்பூர் தரைப்பாலம் மழை வந்தால் மூழ்குவது நமக்குப் பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிட்டது. மூடியில்லாத ஆறே இப்படி என்றால், சிலாப்புக்கு அடியில் குப்பையும் சேறும் அடைத்துக்கொண்ட ஆறு எங்கே போகும்? தரைத்தளத்தில் வீடு வைத்திருப்பவர்கள் கைதட்டுவதற்கு முன் யோசித்திருக்கலாம்.

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு நடப்பது என்ன? ஒரு வாரம் புலம்புகிறோம். நிவாரணப் பணத்துக்கு வரிசையில் நிற்கிறோம். பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்துவிடுகிறோம். தண்ணீர் நின்ற கறை போய்விட்டது. அடுத்த வருஷம் புதிதாக வருகிறவருக்கு "இங்கே தண்ணியே வராது சார்" என்று சொல்லி அந்த மனையை விற்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு ஜெர்மன் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன மோசெல் நதி பிரான்ஸில் பிறந்து ஜெர்மனிக்குள் போய் கோப்ளென்ஸ் என்ற இடத்தில் ரைனோடு கலக்கிறது. அதன் கரையில் கோகெம் என்று ஒரு ஊர். சில ஆயிரம் பேர்தான். மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம், உச்சியில் ஒரு கோட்டை. 1689இல் பதினான்காம் லூயியின் படை அந்தக் கோட்டையை இடித்தது. எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் பதினான்காம் லூயி சூரிய ராஜா. கோகெம்காரனுக்கு அவர் வீட்டை இடித்தவர். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டையைத் திரும்பக் கட்டினார்கள். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே சுற்றுலா போய்ப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "தாத்தா, என்ன அழகான ஆறு பாருங்க!"

மோசெல் கரை ஊர்களின் படங்களில் கோட்டையைப் பார்த்து முடித்ததும், ஆற்றோரத்து வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் வருஷம் எழுதியிருக்கும். இந்த வருஷத்து வெள்ளம் இவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு அடையாளம். நூறு, இருநூறு வருஷத்துக் கோடுகள்கூட இருக்கும். கோகெமும் அப்படி வெள்ளம் பார்த்த ஊர்தான். 1993 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. அவர்கள் வெள்ளையடித்து மறைக்கவில்லை. வெள்ளத்தை அவமானமாக நினைக்காமல் ஊரின் சரித்திரமாக எழுதி வைக்கிறார்கள். வீடு வாங்க வருகிறவன் கண்ணில் முதலில் படுவது அந்தக் கோடு.

"அது ஐரோப்பா சார், அவங்க சுத்தமானவங்க" என்று யாரும் எழுதவேண்டாம். நாங்கள் பள்ளியில் பாடம் படித்த அதே ரைன், 1970களில் 'ஐரோப்பாவின் சாக்கடை' என்றுதான் பெயர் வாங்கியிருந்தது. தொழிற்சாலைக் கழிவு அவ்வளவு. 1986 நவம்பர் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்தெல்லாம் ரைனில் இறங்கி, ஆறு சிவந்து, விலாங்கு மீன்கள் லட்சத்துக்கு மேல் செத்து மிதந்தன. அப்போது அங்கேயும் "மூடிவிடு" என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷமே கரையோர நாடுகள் உட்கார்ந்து ஒரு செயல்திட்டம் போட்டன. 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்பி வரவேண்டும் என்பது இலக்கு. மீனே வந்தது. சாக்கடை என்று பெயர் வாங்கிய ஆறு மறுபடி ஆறாகலாம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அவர்கள் ரத்தத்தில் சுத்தம் ஓடவில்லை. சாக்கடை என்ற பெயரை ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சால்மன் மீனை நான் கேட்கவில்லை. என் ஆயுளில் கூவத்தில் குளிப்பேன் என்ற ஆசையும் கிடையாது. நான் கேட்பது சின்னச் சின்ன காரியங்கள். நூறு கோடி வேண்டாம், சில ஆயிரம் ரூபாய் போதும்.

ஒன்று. வேலப்பன்சாவடியிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் ஆற்றைத் தாண்டுகிறோம். பூந்தமல்லி–ஆவடி சாலையிலும் தாண்டுகிறோம். இப்படி நம் பக்கத்தில் ஆற்றைத் தாண்டுகிற ஒவ்வொரு பாலத்தின் இரண்டு முனையிலும் 'கூவம் ஆறு' என்று தமிழில் பெரிய எழுத்தில் பலகை இருக்கவேண்டும். குப்பை கொட்டாதீர் என்ற பலகையைவிட இதுதான் முதலில் தேவை. பெயர் தெரியாத ஒன்றைக் காப்பாற்றச் சொன்னால் யார் காப்பாற்றுவார்கள்?

இரண்டு. வெள்ளக் கோடு. 2015இல், 2021இல், 2023இல் தண்ணீர் எதுவரை வந்தது என்பது ஒவ்வொரு தெருவிலும் யாருக்காவது தெரியும். பள்ளிக்கூடச் சுவரில், ரேஷன் கடைச் சுவரில், கோயில் மதிலுக்கு வெளியே, பெயிண்ட்டால் ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். இதற்கு டெண்டர் வேண்டியதில்லை. மனை விலை குறைந்துவிடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். குறையட்டுமே. தண்ணீர் வருகிற மனைக்குத் தண்ணீர் வராத மனையின் விலை எதற்கு?

மூன்று. ஆற்றின் எல்லை புலப்படத்தில் இருக்கிறது. சர்வே எண் வாரியாக, அளவோடு இருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, நகராட்சி அலுவலக வாசலில், வரி கட்ட வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டவேண்டும். ஆற்றுப் புறம்போக்கில் கட்டியவனை வெளியேற்ற 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டமே போதும். புதுச் சட்டம் தேவையில்லை. சட்டம் பீரோவில் தூங்குவதற்குக் காரணம், எல்லை எது என்று ஊருக்குத் தெரியாததுதான். கோப்புக்குள் இருக்கும் எல்லை யாருக்கும் பயன்படாது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

நான்கு. இதுதான் மற்றவற்றைவிடக் கடினம். ஆடி மாதத்தில் கருமாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். மஞ்சளும் வேப்பிலையும் மழையையும் தண்ணீரையும் கொண்டாடத்தான். பூஜை முடிந்ததும் பழைய மாலை, பிளாஸ்டிக் கவர், உடைந்த சாமி படம் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் பாலத்தின் மேலிருந்து வீசுகிறோம். 'தண்ணியில விட்டாத்தான் புண்ணியம்' என்று காரணமும் சொல்கிறோம். குப்பை போடும்போது மட்டும் அது புண்ணிய நதி. மற்ற நாளெல்லாம் டிச்சு. இந்த ஒரு வழக்கத்தை நம் வீட்டுப் பெண்களிடமும் பேரப் பிள்ளைகளிடமும் சொல்லி நிறுத்த நம்மால் முடியாதா? இதற்கும் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டவேண்டுமா?

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நான் இந்தப் பக்கத்துக்குப் பிற்காலத்தில் வந்தவன். நீங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வேதபுரீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் கூவத்தில் கால் கழுவியவர்கள், மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்கள், மாடு குளிப்பாட்டியவர்கள், மீன் பிடித்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். வாக்கிங் போகும்போது என்னிடம் சொல்கிறீர்கள், சிரிக்கிறீர்கள். கூட்டத்தில் ஒருவர் அதை டிச்சு என்று சொன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறீர்கள். அன்றைக்கு உங்களில் ஒருவர் எழுந்து, "தம்பி, நான் இதுல குளிச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தால் சிலாப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். என்னைப் போல வந்தவன் நூறு விஷயம் படித்துச் சொன்னாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

ஆகவே எழுதுங்கள். எந்த வருஷம், எந்த இடம், தண்ணீர் எவ்வளவு ஆழம், கரையில் என்ன மரம் என்று ஞாபகம் இருப்பதை ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பேரப் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து, பலகைக்கும் வெள்ளக் கோட்டுக்கும் கேட்டு எழுதும் மனுவோடு இணைத்து நகராட்சியில் கொடுக்கப் போகிறேன். மனு எழுதுவது எப்படி, யாருக்கு நகல் போடவேண்டும், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்து எப்படி வாங்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இப்போது இந்தப் பக்கம் நிற்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் மனு தயாராக வேண்டும். ஐப்பசி வருவதற்குள் முதல் கோட்டையாவது போட்டுவிட வேண்டும்.